கம்பளி போர்த்திய லாம்பு

“லாம்பும் குளிருக்குக் கம்பளி போத்திக்கிருமா டீச்சர்?”

இப்படிக் கேட்டது மூன்றாம் வகுப்புச் சண்முகவடிவு. ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். லிந்துலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை விட்டதும், பிள்ளைகளை மாதா கோயில் வளைவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவது பெற்றீசியா டீச்சரின் வழக்கம். அன்றைக்கு மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கோயில் கேற்றடியில் யாரோ விளக்கைப் போட்டிருந்தார்கள். விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம், உள்ளே தடிப்பாகவும் ஓரத்தில் பிசிர்பிசிராகவும் நின்றது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து கால் வரை போட்டுக்கொள்கிற கம்பளிக்கும் ஓரம் அப்படித்தான் இருக்கும். பிள்ளை தினமும் அந்தக் கம்பளிக்குள் புகுந்து வளர்ந்த பிள்ளை. அதற்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டது.

“பாத்து நட, வழுக்கும்” என்றாள் பெற்றீசியா.

நல்ல புத்திமதிதான். ஆனால் அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பிள்ளையும் மறுபடி கேட்கவில்லை.

பெற்றீசியாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆறு வருடமாகத் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். தொண்டர் ஆசிரியை என்றால் தொண்டு முழுதாக இருக்கும். ஆசிரியை என்பது மட்டும் பாதியில் நிற்கும். நியமனக் கடிதம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தபால்காரருக்கு முன்னால் நின்று நின்று, கடைசியில் அந்த மனிதரே அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகத் தொடங்கினார். தாய் தகப்பன் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். அறைக்கு மின்சாரம் உண்டு. ஆனாலும் மாதா படத்துக்கு முன்னால் அம்மா வைத்துவிட்டுப் போன சிமினி லாம்பைத்தான் தினமும் ஏற்றுவாள்.

அந்த 1987ஆம் ஆண்டு, ஆடிக்கு முன்பே, சாம்பல் புதன் கழிந்த வாரம், பங்குக்கு ஒரு பார்சல் வந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு ஊரின் விசுவாசிகள் அனுப்பியது. பங்குக் குரு இராயப்பன் சாமி உடைகளாக இருக்கும் என்று நினைத்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்தது ஒரு கம்ப்யூட்டர். சிலேட்டுப் பலகை அளவு, அதன் மேல் ரப்பர் விசைகள். தொலைக்காட்சிப் பெட்டியில் கோர்த்து, கேசட்டைப் போட்டால் வேலை செய்யுமாம். பெண்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இதைப் போத்திக்கிட முடியாது போலிருக்கே என்று ஒருத்தி சொல்ல, சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

நுவரெலியாவில் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஐவி அடுத்த வருடம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புத் தொடங்கப் போவதாகவும், சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றும் இராயப்பன் சாமிக்கு எழுதியிருந்தார். நிரந்தர வேலை, கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தி பெற்றீசியா. மற்றவன் றோலண்ட், தபால் கந்தோர் கிளாக்கரின் மகன். கொழும்பில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்தவன். மலைக் குளிரிலும் கறுப்புக் கண்ணாடி போடுவானே தவிர, கெட்ட பையன் இல்லை. நத்தார் கொண்டாட்டத்துக்குச் சிஸ்டர் வரும்போது இருவரும் அந்தக் கம்ப்யூட்டரில் இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலைக் காட்டவேண்டும், பார்த்துவிட்டு ஒருவரைத் தெரிவுசெய்வார் என்று முடிவாகியது. திங்கள் புதன் பெற்றீசியாவுக்கு, செவ்வாய் வியாழன் றோலண்டுக்கு என்று சாமி பெட்டியைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்.

கூட வந்த புத்தகத்தைப் பெற்றீசியா செபப்புத்தகத்தைப் போல ஓரம் மடங்காமல் படித்தாள். புரட்டாதி பிறக்கிறபோது கொட்டில் வந்துவிட்டது. மாடு வந்தது. ஆட்டைக்கூட ஒருவாறு ஆடு என்று சொல்லலாம். கொட்டிலின் நடுவில் தொங்குகிற விளக்குத்தான் வரமாட்டேன் என்றது. மஞ்சளாக ஒரு வட்டம் போட்டாள். அது விளக்கு மாதிரி இருந்தது, ஆனால் எரியவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். வெள்ளையாக்கினாள். விளக்குப் பெருக்கப் பெருக்க, ஒட்டவைத்த காகிதம் மாதிரி ஆகிக்கொண்டு போனது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது எட்டு நிறம். ஒரு புள்ளி எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். கொஞ்சம் எரிவது, மங்கலாக எரிவது என்ற பேச்சே அதற்குக் கிடையாது.

ஒருநாள் அவளுடைய முறை முடிவதற்குள் வந்த றோலண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

“வெளக்கு நல்லாருக்கு மிஸ். மொளகுத்தூள் போட்டா சாப்பிடலாம்.”

பொரித்த முட்டையேதான். அவன் சொல்கிறவரைக்கும் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. சொன்ன பிறகு வேறு எதுவாகவும் தெரியவில்லை. அவன் தன் கொட்டிலுக்கு மேலே போட்டிருந்த விண்மீனோ சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறி மாறி அடித்தது, கதிர்காமத்துக்குப் போகிற பஸ்ஸின் நெற்றியில் அடிக்கிற மாதிரி.

கார்த்திகை தொடங்கி ஒரு மாலை, தோற்றுப்போன முகத்தோடு கோயில் மண்டபத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தவள் கேற்றடி விளக்கைப் பார்த்து நின்றுவிட்டாள். அதே பனி. அதே வட்டம். ஆடி மாதத்துக் கேள்வி நான்கு மாதம் கழித்து அவளிடம் வந்து சேர்ந்தது. விளக்கு சின்னதாகத்தான் இருந்தது. ஒரு சுண்டைக்காய் அளவு. வெளிச்சம் என்று அவள் கண்ணுக்குப் பட்டதெல்லாம் விளக்கில் இல்லை, விளக்கைச் சுற்றியிருந்த பனியில் இருந்தது. இத்தனை நாளும் விளக்கை வரைந்திருக்கிறாள். வரைய வேண்டியது கம்பளியை.

கம்பளி எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதவேண்டும். அதற்கு மின்குமிழ் ஆகாது, கொட்டிலில் தொங்குவது திரி விளக்கு. அவளிடமே லாம்பு இருந்தது. ஆனால் மாதாவுக்கு முன்னால் எரிகிறதை எடுத்துப் பரீட்சை பண்ண அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சண்முகவடிவின் லயத்துக்குப் போய், அதன் தாய் வேலாயியிடம் அவர்கள் வீட்டுச் சிமினி லாம்பைக் கேட்டாள். எதற்கு என்று வேலாயி கேட்கவில்லை. டீச்சர் வந்து கேட்டதே போதும். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

பனி இறங்கியதும், லயத்துக்குக் கீழே, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் லாம்பை ஏற்றிவைத்து, தள்ளி நின்று பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள் பெற்றீசியா. நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு தூறல். சூடேறிய கண்ணாடியில் ஒரே ஒரு துளி விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். அடியிலிருந்து நுனி வரை கீறல் ஓடியது.

வேலாயி கீறலைப் பார்த்தாள், டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“அதுக்கென்னங்க டீச்சர். தாள வச்சு ஒட்டிக்கிட்டாப் போச்சு. ஒங்க எழுத்து வேல முடிஞ்சிச்சா?”

முடிந்தது என்றாள் பெற்றீசியா. வேலை கிடைத்ததும் புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாகவும் சொன்னாள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓடிவந்தது. திரையில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் விளக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். பிறகு, திருவுளச்சீட்டுப் போடுகிற மாதிரி, தனக்குத் தோன்றிய ஒரு எண்ணை எடுக்கும். கிட்டத்துப் புள்ளிக்குச் சீட்டு விழ வாய்ப்பு அதிகம், தூரத்துப் புள்ளிக்குக் குறைவு. விழுந்த புள்ளி எரியும். அவ்வளவுதான். உள்ளே நெருக்கமாய், வரவர ஐதாய், ஓரத்தில் பிசிர்பிசிராய் வெளிச்சம் வந்து நின்றது. விளக்கு மட்டும் சுண்டைக்காய் அளவு. ஒன்றே ஒன்றுதான் குறை: படம் முடிய இருபது நிமிடம் எடுத்தது.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு மண்டபம் நிறைந்துவிட்டது. கோயில் சனம் மட்டும் இல்லை. பாலன் பிறப்பு நாடகத்தில் சண்முகவடிவு ஆட்டுக்குட்டியாக வந்ததால் வேலாயியும் அவள் லயமும் வந்திருந்தார்கள். பிற்பகல் வெளிச்சம் உள்ளே வராமல் இருக்க யன்னல்களுக்கு மறைப்பு வேண்டும் என்றதும் அந்தப் பெண்கள்தான் தோளில் கிடந்த கம்பளிகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். முன்வரிசையில் சிஸ்டர் ஐவி மடியில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார்.

றோலண்டின் விண்மீன் முதலில் வந்தது. நிறம் மாறி மாறி அடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்களும் தட்டினார்கள். சிஸ்டர் எழுதிக்கொண்டார். அடுத்தது பெற்றீசியா. கேசட் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி கத்தி ஓய்ந்தது. திரை இருட்டாகவே கிடந்தது. பாடகர் குழுவை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார் சாமி. பிறகு இன்னொன்று. மூன்றாவது பாட்டில் மேலே இரண்டொரு புள்ளி தூறல் மாதிரி விழுந்தது. ஐந்தாவது பாட்டில் மண்டபத்தில் பேச்சு நின்றது. ஆறாவதைப் பாடகர் குழுவே பாதியில் மறந்துவிட்டது.

கொட்டில் இருட்டில் ஒரு சின்ன விளக்கு, பனிக்குள் எரிந்தது.

வேலாயி எழுந்து முன்னால் வந்தாள். பயபக்தியோடு பெட்டியைப் பார்த்து, பக்கத்தில் நின்ற இராயப்பன் சாமியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இது என்ன சாமி?”

இந்தத் தோட்டங்களில் கோயில் சனத்துக்குச் சாமி என்றால் குருவானவர். வேலாயிக்குச் சாமி என்றால் முருகன், மாரியம்மன், ரோதமுனி. அவள் கேட்டது இது எந்தத் தெய்வம் என்று. இராயப்பன் சாமியோ தன்னை மரியாதையாக விளித்துக் கேட்கிறாள் என்று நினைத்தார். சந்தோஷமாகப் பதில் சொன்னார்.

“கம்ப்யூட்டரும்மா.”

வேலாயி தலையை ஆட்டினாள். அப்படி ஒரு தெய்வத்தை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்படாதது தன் பிழை, தெய்வத்தின் பிழை இல்லை என்று எண்ணுகிறவள் அவள். இரண்டு உள்ளங்கைகளையும் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், விளக்குக்கு நேரே காட்டி, தீபாராதனையை வாங்குகிற மாதிரி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரையில் லேசாகச் சூடு இருந்தது வேறு. திரும்பி, “கம்பூட்டர் சாமியாம்” என்றாள் தன் ஆட்களிடம்.

லயம் முழுக்க வரிசையில் வந்துவிட்டது. ஒற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தைகளின் நெற்றியில் தடவினார்கள். கோயில் சனத்திலும் வயதான இரண்டு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று வந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி பெட்டியின் மேல் ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டுப் போனாள். சாமி இப்போதுதான் தன் பதிலை மறுபடி நினைத்துப் பார்த்து, கையைப் பிசைந்தார்.

பெற்றீசியா ஒரு மூலையில் அசையாமல் நின்றாள். மூன்று மாதமாக எரியாத விளக்கு எரிந்துவிட்டது. இதற்கு மேல் யாரிடம் சான்று வாங்குவது?

சிஸ்டர் ஐவி நல்லவர். முடிவைக் கடிதத்தில் அனுப்பாமல், தேநீருக்குப் பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

“உம்முடைய படம்தான் நல்ல படம், பெற்றீசியா. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறோம், அற்புதம் காட்ட இல்லை. மடத்தில் இப்படி ஒரு வரிசை நின்றால் நான் மேலிடத்துக்கு என்ன சொல்வேன்?”

றோலண்டின் விண்மீனை யாரும் கும்பிடவில்லை. ஆகவே வேலை றோலண்டுக்குப் போனது.

பெற்றீசியா அன்றும் மறுநாளும் மாதாவிடம் பேசவில்லை. லாம்பை ஏற்றினாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் றோலண்ட் வாசலில் வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்: வகுப்பில் பிள்ளைகளுக்கு வெளிச்சம் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும், விளக்கைச் சுற்றியிருந்த அந்தக் கம்பளி எப்படி என்று அவனுக்கு விளங்கவில்லை.  பெற்றீசியா உள்ளே போய்க் கேசட்டை எடுத்துவந்து கொடுத்து, வரி வரியாக விளக்கமும் சொன்னாள். முட்டையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. போகும்போது, ஒங்க பேரச் சொல்லித்தான் படிப்பிப்பேன் மிஸ் என்றான். சொன்னதை அவன் செய்தான் என்று பிறகு கேள்வி.

அப்படிச் செய்தது தன்னை மிக நல்லவளாக்கிவிட்டது என்று அவளுக்கு ஒரு வாரம் வரைக்கும் நினைப்பு இருந்தது. தனக்கு வந்த அநியாயத்தையும், தான் செய்த தியாகத்தையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டு நடந்தாள். அவற்றுக்கு நடுவில் வேறு எதையும் எண்ண இடமில்லை.

தை மாதம் பாடசாலை தொடங்கியது. கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வந்தவளுக்குச் சண்முகவடிவின் கொப்பி கைக்கு வந்தது. கணக்கெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கறுப்பாக ஒரு இழுப்பு. விரலால் தொட்டால் ஒட்டியது. அடுத்த பக்கம் அதைவிட மோசம். கொப்பியைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தாள். பிள்ளையின் மூக்குக்குக் கீழேயும் அதே கறுப்பு லேசாக இருந்தது.

“இது என்ன வடிவு?”

“லாம்புப் பொகை டீச்சர். ஒட்டுன தாளு கருகிக் கருகிப் போகுது. அம்மா வேற தாளு ஒட்டும்.”

குறை சொல்கிற குரல் இல்லை. தாளு ஒட்டுவது அந்த வீட்டில் தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலையே பெற்றீசியா லிந்துலைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் தட்டுத் தட்டாகத் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அந்த அளவுக் கண்ணாடி இப்போது வருவதில்லையாம். எல்லா இடத்துக்கும் கரண்ட் வந்துவிட்டதே, இனி யார் வாங்கப் போகிறார்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டார். கடை வாசலில் நின்று பார்த்தால் எதிர் மலையில் லயங்கள் தெரியும். எந்த லயத்துக்கும் கரண்ட் வந்திருக்கவில்லை. வட்டகொடையிலும் கேட்டுப் பார்க்கச் சொன்னாள் ஒருவரிடம். அங்கேயும் இல்லை.

அறைக்கு வந்து வழக்கம்போல மாதா முன்னால் லாம்பை ஏற்றினாள். கண்ணாடியைப் போடக் குனிந்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே முழந்தாளில் இருந்தாள். அளவு பார்க்கத் தேவையில்லை, அதே அளவுதான். மாதாவின் விளக்கைத் தொட மனம் வராத இந்தக் கைக்கு, வேலாயியின் விளக்கைத் தொட மட்டும் எப்படி மனம் வந்தது? மாதாவுக்காவது மேலே ஒரு மின்குமிழ் இருந்தது.

வெகு நேரம் செபம் சொன்னாள் என்று சொல்வதற்கில்லை. ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம், அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

சனிக்கிழமை. காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்து எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் விறகுக்குப் போயிருப்பார்கள். பெற்றீசியா கண்ணாடியை உப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வழியில் உடையாமல் இருக்க அம்மாவின் பழைய கம்பளியில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்குப் பாதையில் யாரும் எதிர்ப்படவில்லை. லயத்தில் ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வேலாயி வீட்டின் திறந்த முன்தாழ்வாரமான இஸ்தோப்பில், அடுப்புக்கு மேலே மாடக்குழியில் லாம்பு இருந்தது. கண்ணாடியில் தாளுக்கு மேல் தாள் ஒட்டி, கறுத்து, எது கண்ணாடி எது தாள் என்று தெரியவில்லை. அடியில் ஒட்டியிருந்த துண்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து இருந்தது. பெருக்கல் வாய்ப்பாடு, பெற்றீசியாவே சிவப்பு மையால் சரி போட்டது.

அதைக் கழற்றினாள். மாதாவின் கண்ணாடியைக் கம்பளியிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். சரியாக உட்கார்ந்தது. இடறாமல் இருக்க லாம்பை மாடக்குழியின் உட்பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தினாள். கம்பளித் துண்டை என்ன செய்வதென்று யோசித்தாள். காலையில் விளக்கை அணைத்த பிறகு கண்ணாடியில் ஈரம் பட்டால் கெடுதல். லாம்பின் தோளைச் சுற்றி அதைப் போர்த்திவிட்டாள்.

பழைய கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆள் வருவதற்குள் பாதை இறங்கிவிட்டாள். இரவு மாதா படத்துக்கு முன்னால் அதைத்தான் போடவேண்டும். புகையும்.